வானவில் மறையும் வட்டு

ஒரு டிவிடியையும் ஒரு புளூ-ரே வட்டையும் அருகருகே பிடித்து, குழல்விளக்கின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிவிடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வானவில் விரியும். புளூ-ரேயில் அது ஏறக்குறைய இருக்காது. மிகவும் சாய்த்தால் மங்கலான நீலமோ ஊதாவோ எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே 12 சென்டிமீட்டர் அகலம், ஒரே 1.2 மில்லிமீட்டர் தடிமன், ஒரே பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பிறகு வானவில் எங்கே போனது?

விடை வட்டின் வரிகளில் இருக்கிறது. தகவல் முழுவதும் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் நீண்ட சுருள் பாதையில் பதிந்திருக்கிறது. டிவிடியில் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புளூ-ரேயில் அந்த இடைவெளி 0.32 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 மைக்ரானிலிருந்து 0.7 வரை. வரிகளின் இடைவெளி அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒவ்வொரு நிறமும் தனக்கான கோணத்தில் பிரிந்து தெறிக்கும். இடைவெளி அதற்குக் கீழே இறங்கிவிட்டால், நிறங்கள் பிரிந்துபோக அனேகமாகக் கோணமே மிஞ்சுவதில்லை. ஒளியலையைவிட நெருக்கமான வரிகளை மனிதர்கள் பிளாஸ்டிக்கில் அச்சடித்துவிட்டார்கள் என்பதற்கு, வெறுங்கண்ணால் காணக்கூடிய சாட்சி அந்தக் காணாமற்போன வானவில். சுருளை நேராக நீட்டி வைத்தால் டிவிடியின் ஓர் அடுக்கில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 27 கிலோமீட்டர்: சென்னைக் கடற்கரை நிலையத்தில் ரயிலேறினால் தாம்பரத்தை நெருங்கிவிடும் தூரம்.

அலமாரி நிறைய டிவிடி வைத்திருக்கும் பலருக்கும் இன்று ஒரு கேள்வி உண்டு. புளூ-ரேக்கு மாறலாமா? அல்லது ஒரேயடியாக 4கே அல்ட்ரா எச்டி வட்டுக்கே போய்விடலாமா? கடைக்காரர் விலையை வைத்துப் பதில் சொல்வார். நான் ஒளியின் பாதையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். படம் பிடித்த கேமராவில் தொடங்கி, வட்டில் பதிந்து, லேசரால் படிக்கப்பட்டு, திரை வழியாகக் கண்ணில் முடிகிற பாதை அது. அதில் வட்டு ஒரு கண்ணி மட்டுமே. மற்ற கண்ணிகள் தாங்கவில்லையென்றால் வட்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் லேசர். வட்டிலுள்ள குழிகளின் ஆழம் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும்படி அமைக்கப்படுகிறது. குழியின் அடியில் பட்டுத் திரும்பும் ஒளி, விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளியைவிடப் போகும்போது கால் அலை, வரும்போது கால் அலை என அரை அலை பின்தங்கும். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் உணரிக்குத் திரும்பும் ஒளி மங்கும். மங்கலும் வெளிச்சமும் மாறுகிற தாளம்தான் படம், வசனம், பாட்டு எல்லாம்.

ஆனால் லேசரை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்கலாம் என்பதற்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. அலைநீளம் குறைந்தால் புள்ளி சிறுக்கும். ஒளியை அகன்ற கோணத்தில் குவிக்கும் லென்ஸ் இருந்தால் இன்னும் சிறுக்கும். டிவிடிக்கு 650 நானோமீட்டர் (0.65 மைக்ரான்) சிவப்பு லேசர். புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். லென்ஸின் குவிக்கும் திறனும் 0.60இலிருந்து 0.85 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒளிப்புள்ளியின் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகிறது. இப்போது கொள்ளளவைப் பாருங்கள்: டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி, புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபி. ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம். வட்டின் கொள்ளளவை விளம்பரத் துறை தீர்மானிக்கவில்லை. ஒளியின் இயல்பு தீர்மானித்தது.

அந்த நீல ஊதா லேசர் எளிதில் வந்ததல்ல. சிவப்பு ஒளியைத் தரும் குறைக்கடத்திகள் பல பத்தாண்டுகளாகக் கைவசம் இருந்தன. நீலம் மட்டும் பிடிபடவில்லை. காலியம் நைட்ரைடு என்ற பொருளில் குறையில்லாத படிகத்தை வளர்ப்பது முடியாத காரியம் என்று பலரும் கைவிட்டிருந்தார்கள். ஜப்பானில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் விடவில்லை. நிச்சியா என்ற நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். 1990களின் நடுவில் நீல ஊதா லேசரும் வந்தது. நீல எல்இடிக்காக மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக் கூரையில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கும் புளூ-ரே கருவிக்குள் இருக்கும் லேசரும் ஒரே படிகத்தின் பிள்ளைகள்.

அகன்ற கோணத்தில் குவிப்பதற்கு ஒரு விலை உண்டு. வட்டு இம்மி சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி கலங்கிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடிமனாக இருந்தால் கலக்கம் இன்னும் கூடும். ஆகவே தகவல் அடுக்கை மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுவந்தார்கள். டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். டிவிடியின் மேற்பரப்பைக் கடக்கும்போது ஒளிக்கற்றை அரை மில்லிமீட்டர் அகலத்தில் இருப்பதால், சின்னத் தூசியை அது பொருட்படுத்தாது. புளூ-ரேயில் அதே கற்றை மேற்பரப்பிலேயே மிகக் குறுகியிருக்கும். ஒரு விரல்ரேகைகூடத் தடையாகலாம். இந்த அச்சத்தால் 2003இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் புளூ-ரே பதிவுக் கருவியில் வட்டைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டியிருந்தது. கீறல் விழாத கடினமான மேல்பூச்சை டிடிகே நிறுவனம் உருவாக்கிய பிறகே கூடு தேவையற்றுப் போனது. கவனித்துப் பார்த்தால், வாடகைக்குப் போய்வந்த பழைய டிவிடியைவிடப் புளூ-ரேயில் கீறல் குறைவாக இருப்பது இதனால்தான்.

புளூ-ரேக்குப் போட்டியாகத் தோஷிபா முன்வைத்த எச்டி டிவிடி இந்தச் சிக்கலையே தவிர்க்கப் பார்த்தது. அதே நீல ஊதா லேசர், ஆனால் ஆழம் பழையபடி 0.6 மில்லிமீட்டர். டிவிடி ஆலைகளைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. கொள்ளளவு மட்டும் அடுக்குக்கு 15 ஜிபியோடு நின்றது. 2008 ஜனவரியில் வார்னர் திரைப்பட நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா விலகிக்கொண்டது. எச்டி டிவிடி வாங்கியவர்கள் கையில் தொடர்ச்சி இல்லாத ஒரு சேகரிப்பு மிஞ்சியது. புதிய வட்டுக்கு மாறுவதில் மக்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானது என்று நான் நினைக்க இந்த ஒரு நிகழ்வே போதும்.

2016இல் வந்த 4கே வட்டு லேசரை மாற்றவில்லை. அதே 405 நானோமீட்டர்தான். அடுக்குக்கு 33 ஜிபி, மூன்று அடுக்குகளில் 100 ஜிபி. எப்படி? மிகச் சிறிய குழியின் நீளத்தை 0.149 மைக்ரானிலிருந்து 0.112 மைக்ரானாகக் குறைத்தார்கள். ஒளிப்புள்ளியோ ஏறக்குறைய 0.24 மைக்ரான் அகலம். அதாவது படிக்கும் புள்ளியைவிடப் படிக்கப்படும் எழுத்து சிறியது! ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழிகள் வெளிச்சத்துக்குள் விழுகின்றன. சமிக்ஞை கலங்கியே வருகிறது. எந்த வரிசையில் குழிகள் இருந்தால் இப்படிக் கலங்கியிருக்கும் என்று கருவியிலுள்ள சில்லு கணித்து, மிக அதிக வாய்ப்புள்ள வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது. பழைய புளூ-ரே கருவிகளில் 4கே வட்டு ஓடாததற்கு இவ்வளவு சிறிய குழிகளைப் படிக்கும் வித்தை அவற்றிடம் இல்லாததும் ஒரு காரணம். தலைகீழாக, 4கே கருவியில் புளூ-ரேயும் டிவிடியும் ஓடும். எனவே சேகரிப்பு வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

இப்போது திரைக்கும் கண்ணுக்கும் வருவோம். இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் (PAL) முறை டிவிடியில் ஒரு சட்டகத்துக்கு 720 பெருக்கல் 576 பிக்சல்கள், மொத்தம் 4,14,720. புளூ-ரேயில் 1920 பெருக்கல் 1080: சரியாக 5 மடங்கு. 4கே வட்டில் 3840 பெருக்கல் 2160: சரியாக 20 மடங்கு. கணக்கு மலைக்க வைக்கிறது. ஆனால் இந்த 20 மடங்கைக் கண் வாங்கிக்கொள்ளுமா?

கண் மருத்துவரிடம் 6/6 என்று பெயர் வாங்கும் பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 55 அங்குலத் திரையில் டிவிடியின் 576 வரிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்துபோக வேண்டுமென்றால் 13 அடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். நம் வீடுகளில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே அந்தத் திரையில் டிவிடி மழுங்கலாகத்தான் தெரியும். புளூ-ரேயின் வரிகள் 7 அடியில் கலந்துவிடும். 4கே படத்தின் வரிகள் மூன்றரை அடியில். எனவே 55 அங்குலத் திரைக்கு எதிரே 8 அடியில் சோபா போட்டிருப்பவருக்கு, பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், புளூ-ரேக்கும் 4கேக்கும் வேறுபாடு அனேகமாகத் தெரியாது. வேறுபாடு கண்ணில் படுவது திரைக்கு 5, 6 அடிக்குள் உட்காரும்போதுதான். 32 அங்குலத் தொலைக்காட்சியில் டிவிடியின் வரிகளே 8 அடியில் கலந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் வட்டை மாற்றச் செலவிடும் பணம் வீண் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் 4கே வட்டில் என்னதான் இருக்கிறது? வெளிச்சம் இருக்கிறது. இதைத்தான் பெட்டியின் மேலுள்ள எண்கள் மறைத்துவிடுகின்றன.

டிவிடியும் புளூ-ரேயும் பழைய படக்குழல் தொலைக்காட்சியை ஒட்டி வகுத்த ஒளியளவிலேயே நின்றவை. அவற்றில் மிகப் பிரகாசமான வெள்ளை 100 நிட் (ஒளிர்வின் அலகு) என்ற அளவை வைத்தே படம் மெருகேற்றப்படும். சூரியன் தகிக்கும் வானமும், மேசைமேல் கிடக்கும் வெள்ளைத் தாளும் ஏறக்குறைய அதே உச்சவரம்புக்குள் நெருக்கி அடைக்கப்படும். எச்டிஆர் எனப்படும் அகன்ற ஒளிவீச்சு முறையில் பதிவான 4கே வட்டில் அந்த உச்சம் 1,000 நிட், சில படங்களில் 4,000 நிட் வரை போகும். அந்த முறையே 10,000 நிட் வரை இடம் விட்டு வகுக்கப்பட்டது. இருட்டில் மிகச் சிறிய படிகளாகவும் வெளிச்சத்தில் பெரிய படிகளாகவும் ஒளியளவைப் பிரித்திருக்கிறார்கள். மனிதக் கண் எந்த ஒளியில் எவ்வளவு சிறிய மாற்றத்தை உணரும் என்று அளந்து, அதற்கேற்ப வளைத்த அளவுகோல் அது. நிறத்திலும் அப்படியே. முன்பு ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், இப்போது 1,024. மூன்றையும் பெருக்கினால் 1.67 கோடி நிறச்சாயல்கள் 107 கோடியாகின்றன. மாலை வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிளந்து தெரிந்த எரிச்சல் பெருமளவு போய்விடும். இரவுக் காட்சியில் ஒற்றைத் தீக்குச்சி எரிந்தால், சுற்றியுள்ள இருட்டு கெடாமல் சுடர் மட்டும் சுடரும். 8 அடியில் என்ன, 15 அடியில் உட்கார்ந்தாலும் இந்த வேறுபாடு தெரியும். கண்ணின் கூர்மைக்கு எல்லை உண்டு. ஒளிவேறுபாட்டை உணர்வதைத் தூரம் அவ்வளவாகக் குறைப்பதில்லை.

இதிலும் திரை தாங்க வேண்டும். எச்டிஆர் என்று முத்திரை குத்தி வரும் மலிவான தொலைக்காட்சிகள் பல 300 நிட் அளவுக்கே எரிகின்றன. வட்டில் இருக்கும் 1,000 நிட் காட்சியை அவை நெருக்கிப் பிழிந்து காட்டும்போது, படம் முன்பைவிட இருண்டதாகத் தோன்றுவதும் உண்டு. அப்படிப்பட்ட திரை வைத்திருப்பவருக்கு நல்ல புளூ-ரேயே மேல்.

ஒளியின் பாதையில் இன்னொரு முனை இருக்கிறது: கேமரா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே நம் எதிர்பார்ப்பு தலைகீழாகிறது. புதிய படம்தான் புதிய வட்டில் பொலியும் என்று நினைப்போம். பல நேரங்களில் பழைய படம்தான் பொலிகிறது.

2002இல் வெளிவந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் பெரும்பகுதி மினிடிவி என்ற சிறு நாடாவில் பதியும் கேமராவில் எடுக்கப்பட்டது. அதன் மூலத்திலேயே டிவிடி அளவு விவரம்தான் இருக்கிறது. எந்த வட்டாலும் அதைக் கூட்ட முடியாது. அதே ஆண்டு வந்த ‘ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்’ 1080 வரிகள் கொண்ட டிஜிட்டல் கேமராவில் எடுத்தது, அதன் 4கே வட்டு பெரிதாக்கிய படம். 2000த்துக்குப் பிந்தைய ஏராளமான ஹாலிவுட் படங்கள் ஃபிலிமில் எடுக்கப்பட்டாலும், கணினியில் மெருகேற்றும் கட்டத்தில் ஏறக்குறைய புளூ-ரே அளவான 2கேக்குச் சுருக்கப்பட்டு அப்படியே முடிக்கப்பட்டன. இதற்கு நேர்மாறாக 1962இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. பாலைவனத்தின் கானல் நடுவே, கண்ணுக்கு எட்டும் கடைக்கோடியில் ஒரு கரும்புள்ளி தோன்றி, நடுங்கி, மெல்ல மெல்ல ஒட்டகத்தில் வரும் ஒமர் ஷெரீஃபாக மாறும் காட்சி அதில் உண்டு. டிவிடியில் அந்தப் புள்ளி ஓரிரு பிக்சலில் கரைந்துவிடும். எப்போது தோன்றியது என்றே தெரியாது. மூல நெகட்டிவை 8கே அளவில் வருடி எடுத்துச் செய்த 4கே பதிப்பில், அந்த மனிதர் வெகு முன்பே கானலுக்குள் இருப்பது தெரிகிறது. காட்சியின் பதற்றமே அந்த முன்கூட்டிய கணத்தில்தான் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள். அவற்றின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் என்ற ஃபிலிம் ஆய்வகத்தில் நேர்ந்த தீ விபத்தில் கருகின. எரிந்து சுருங்கி, எந்த இயந்திரத்திலும் ஓடாத நிலையில் இருந்த சுருள்களை யாரும் தூக்கி எறியவில்லை; லாஸ் ஏஞ்சல்ஸில் ஆஸ்கர் விருது வழங்கும் அகாதமியின் ஆவணக் காப்பகம் அவற்றைப் பத்திரப்படுத்தியது. இருபது ஆண்டுகள் கழித்து கிரைட்டீரியன் நிறுவனத்தின் முயற்சியில் இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகம் அவற்றை எடுத்தது. ரசாயனத்தில் ஊறவைத்து நெகிழ்வூட்டி, ஓரத் துளைகளைக் கையாலேயே செப்பனிட்டு, 4கே அளவில் வருடினார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் எரிந்த மூலத்திலிருந்தே மீட்கப்பட்டன, மீதி வேறு பிரதிகளிலிருந்து வந்தது. அக்கா துர்க்காவும் தம்பி அப்புவும் ரயிலைத் தேடி ஓடும் காசப்பூ வெளியை அந்தப் பதிப்பில் பார்த்தவர்கள், தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த பழைய டிவிடிக்குத் திரும்ப மாட்டார்கள். அந்தத் தாவலுக்குக் காரணம் வட்டின் வகை பாதி. மீட்டெடுத்தவர்களின் கைகள் மீதி.

இதைச் சொல்லும்போது தமிழ்ப் படங்களை நினைத்து மனம் கனக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் படங்கள் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில்தான் எடுக்கப்பட்டன. நெகட்டிவ் நலமாக இருந்தால் டிவிடி காட்டியதைப்போலப் பல மடங்கு விவரம் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் எத்தனையோ படங்களுக்கு மூல நெகட்டிவே இல்லை. 1964இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டலில் மெருகூட்டப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது கூட்டம் திரண்டது. பார்க்க ஆள் இருக்கிறது. மூலத்தைக் காக்கும் வேலையில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

இடையில் ஒரு செய்தி. சினிமா நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். பால் முறை டிவிடி நொடிக்கு 25 சட்டகங்களைக் கேட்கும். எனவே அதில் படத்தையே 4 விழுக்காடு வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு ஏறிவிடும். புளூ-ரே 24 சட்டகங்களை அப்படியே வைத்துக்கொள்ளும். இசைக்காது உள்ளவர்களுக்கு இது ஒன்றே மாறுவதற்குப் போதுமான காரணம்.

ஓடிடியிலேயே 4கே வருகிறதே, வட்டு எதற்கு? நியாயமான கேள்வி. 4கே படத்தைச் சுருக்காமல் விட்டால் நொடிக்கு ஏறக்குறைய 3,000 மெகாபிட் வேண்டும். 4கே வட்டு நொடிக்கு 128 மெகாபிட் வரை தரும். நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. முகத்தை நெருங்கிக் காட்டும் அசைவற்ற காட்சியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மழை, புகை, கடல் நுரை, இருட்டு, ஃபிலிமின் துகள் ஆகியவை வரும்போது சுருக்கும் நிரல் திணறும்; எதையாவது கைவிட்டாக வேண்டும். சாதாரண புளூ-ரேயே ஒளிபரப்பாகும் 4கேயைவிட அதிக பிட்டுகளைத் தருவது வழக்கம். உரிமம் முடிந்து தளத்திலிருந்து படம் காணாமற்போகும் தொல்லையும் வட்டில் இல்லை.

வாங்கத் துணிந்தவர்களுக்கு ஒரு தடை உண்டு: மண்டலக் குறியீடு. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம்; சிங்கப்பூரும் மலேசியாவும் 3. புளூ-ரேயில் நாம் சி மண்டலம், சிங்கப்பூர் ஏ, பிரிட்டன் பி. உறவினர் லண்டனிலிருந்து ஆசையாக வாங்கிவரும் புளூ-ரே இங்கே வாங்கிய கருவியில் ஓடாமல் போகலாம். 4கே வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண புளூ-ரே வட்டுக்கு இருக்கக்கூடும்.

கருவியைப் பொறுத்தவரை காலம் நமக்குச் சாதகமாக இல்லை. ஒப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் புதிய கருவிகளை நிறுத்தின. எல்ஜியும் 2024இல் விலகியது. சோனியும் பானசோனிக்கும் தொடர்கின்றன. ஆகவே மாறுவதென்று முடிவெடுத்தவர், வட்டுகளைக் குவிப்பதற்கு முன் ஒரு நல்ல 4கே கருவியை வாங்கிவிடுவது நல்லது. அதில் முதலில் பழைய டிவிடிகளையே போட்டுப் பார்க்கலாம். அவற்றைத் திரைக்கேற்ப விரித்துக்காட்டும் வேலையை இன்றைய கருவிகள் நன்றாகவே செய்கின்றன. அது போதும் என்று தோன்றும் படங்களை அப்படியே விட்டுவிடலாம். அடிக்கடி பார்க்கும் படம், ஃபிலிமில் எடுத்தது, மூலத்திலிருந்து மீட்டெடுத்தது என்ற மூன்றும் ஒருசேரப் பொருந்தும் தலைப்புகள் பெரும்பாலானோரின் அலமாரியில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது. அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.